விலங்கின் குரல் மொழியா? தோட்டத்துப் பறவையை வைத்தே சோதிக்கும் முறை

நாய்க்குச் சொன்னால் புரிகிறது. காகம் கரைந்தே கூட்டத்தைக் கூட்டிவிடுகிறது. கிளி ‘அக்கா’ என்கிறது. ஆகவே விலங்குக்கும் மொழி உண்டு என்கிறது ஒரு தரப்பு. அதெல்லாம் பயத்திலும் பசியிலும் எழும் கூச்சல், மொழி மனிதனுக்கே உரியது என்கிறது இன்னொரு தரப்பு. இரண்டு தரப்பும் சோதிக்காமல் பேசுகின்றன. ஒரு ஸ்பீக்கர், ஒரு கைப்பேசி, இரண்டு மூன்று மாதப் பொறுமை இருந்தால் பள்ளி இயற்கை மன்றமோ கல்லூரி மாணவர் குழுவோ இதில் ஒரு பகுதியைத் தாமே சோதித்துவிடலாம். சோதிக்க முடியாத பகுதிக்கு, மற்றவர்கள் செய்த சோதனைகளை எப்படி எடைபோடுவது என்று தெரிந்திருந்தால் போதும்.

முதல் வேலை, கேள்வியை உடைப்பது. ‘மொழி இருக்கிறதா?’ என்று மொத்தமாகக் கேட்டால் விடை வராது. மொழி பல திறன்கள் சேர்ந்த கட்டு. அமெரிக்க மொழியியலாளர் சார்ல்ஸ் ஹாக்கெட் 1960-இல் அந்தக் கட்டைப் பிரித்து 13 கூறுகளாகப் பட்டியலிட்டார். நமக்கு அதில் ஐந்து போதும். ஒரு குரல் ஒரு குறிப்பிட்ட பொருளைச் சுட்டுகிறதா? அந்தக் குரலுக்கும் பொருளுக்கும் உள்ள உறவு இடுகுறியா? கண்முன் இல்லாததைச் சொல்ல முடிகிறதா? தனியே பொருளற்ற ஒலிகளைக் கோத்துச் சொல் ஆக்க முடிகிறதா? சொல்லோடு சொல் சேர்த்துப் புதுப்பொருள் பிறக்கிறதா? ஒவ்வொன்றுக்கும் சோதனை வேறு, விடையும் வேறு. ஒன்றில் ‘ஆம்’ வந்துவிட்டது என்பதற்காக மற்ற நான்கிலும் ‘ஆம்’ போட்டுவிடுவதுதான் அதிகம் நடக்கும் தவறு.

இன்னொரு குழப்பத்தையும் தொடக்கத்திலேயே களைந்துவிடுங்கள். பேச்சு வேறு, மொழி வேறு. 1970-களின் இறுதியில் நிகரகுவாவின் மனாகுவா நகரில் செவித்திறன் அற்ற பிள்ளைகளுக்குப் பள்ளி தொடங்கியபோது, அந்தப் பிள்ளைகள் தங்களுக்குள்ளேயே புதிதாக ஒரு சைகை மொழியை உருவாக்கிக்கொண்டார்கள். அதில் குரலே இல்லை, இலக்கணம் முழுமையாக இருந்தது. கிளியிடம் இருப்பது இதன் மறுபக்கம்: குரல் அச்சாக வருகிறது, அதனாலேயே மொழி வந்துவிட்டதாக ஆகாது.

எந்த விலங்கு?

தவிட்டுக்குருவியைப் பரிந்துரைக்கிறோம். ஆண்டு முழுவதும் கூட்டமாகவே இருக்கும், அதே தோப்பைச் சுற்றிச் சுற்றி வரும், ஓயாமல் சத்தம் போடும், ஆள் நடமாட்டத்துக்கு அவ்வளவாக அஞ்சாது. மேலே வல்லூறு பறந்தால் செய்ய வேண்டியது ஒன்று, தரையில் பூனையோ பாம்போ வந்தால் செய்ய வேண்டியது வேறு. இரண்டு ஆபத்துக்கும் கூட்டம் ஒரே குரலைத்தான் எழுப்புகிறதா, இல்லை தனித்தனிக் குரல் இருக்கிறதா என்பதே உங்கள் கேள்வி. அணிலும் நல்ல தேர்வுதான். காகத்தை முதல் சோதனைக்கு எடுக்க வேண்டாம். ஸ்பீக்கரோடு வரும் ஆளை அது சீக்கிரமே அடையாளம் கண்டுகொள்ளும். அப்புறம் நீங்கள் பதிவு செய்வது உங்களைப் பற்றிய எதிர்வினையைத்தான்.

காப்புக்காடு, சரணாலயம் என்றால் வனத்துறையின் எழுத்துமூல அனுமதி இல்லாமல் ஸ்பீக்கரை வெளியே எடுக்கவே கூடாது. எந்த இடமானாலும் கூடு கட்டிக் குஞ்சு பொரிக்கும் காலத்தில் கூட்டுக்கு அருகே அபாயக் குரலை ஒலிக்காதீர்கள். தாய் கூட்டை விட்டு விலகும் சில நிமிடங்கள் காகத்துக்குப் போதும், குஞ்சு போய்விடும்.

முதல் இரண்டு வாரம் கேட்பது மட்டும்

பதிவுக் கருவியைத் தொடாதீர்கள். காலை 6 முதல் 8 வரை நோட்டும் பேனாவும் போதும். ஒவ்வொரு குரலுக்கும் நான்கு செய்திகள்: நேரம், அப்போது அங்கே என்ன இருந்தது, குரல் கொடுத்த பறவை எங்கே இருந்தது, மற்றவை அடுத்த 10 வினாடியில் என்ன செய்தன. ஒவ்வொரு குரல் வகைக்கும் 30 தடவையாவது சேரட்டும்.

குரலுக்குப் பெயர் வைப்பதில் கவனம் வேண்டும். ‘வல்லூறுக் குரல்’ என்று முதல் நாளே எழுதிவிட்டால், வானத்தில் எதுவும் இல்லாத நேரத்தில் அதே குரல் வரும்போது காது அதை வேறு குரலாகக் கேட்கத் தொடங்கிவிடும். க, ங, ச என்று எழுத்தாக மட்டும் குறியுங்கள். பொருள் என்ன என்பது கடைசியில் வர வேண்டிய முடிவு.

பதிவு

வேவ் (WAV) வடிவம், 44.1 அல்லது 48 கிலோஹெர்ட்ஸ். எம்பி3 வேண்டாம். வாட்ஸ்அப்பில் அனுப்பித் திரும்ப எடுத்த கோப்பு அறவே வேண்டாம். மனிதப் பேச்சுக்குத் தேவைப்படாத நுணுக்கங்களைச் சுருக்கும்போது வெட்டிவிடும், பறவைக்குச் செய்தி அங்கேதான் இருக்கலாம். கைப்பேசியின் சத்தம் குறைக்கும் வசதியை அணைத்துவிடுங்கள், அது பறவையையே பின்னணி இரைச்சல் என்று எண்ணி அழுத்தும். பறவையிலிருந்து 5 முதல் 10 மீட்டருக்குள் நின்று, மைக்குக்குக் காற்றுத் தடுப்பு உறை போட்டு, ஒலியளவின் உச்சம் மைனஸ் 12 டெசிபெல் அருகே நிற்கும்படி வையுங்கள். உச்சம் பூஜ்யத்தைத் தொட்டால் அலையின் தலை வெட்டுப்பட்டு ஸ்பீக்கரில் கரகரக்கும். அந்தப் பதிவைத் தூக்கி எறியுங்கள், திருத்த முடியாது.

ஆடாசிட்டி போன்ற இலவச மென்பொருளில் குரலை ஸ்பெக்ட்ரோகிராம் என்ற, ஒலியின் ஏற்ற இறக்கத்தைக் காட்டும் படமாகப் பாருங்கள். காதுக்கு ஒன்றுபோல் கேட்கும் இரண்டு குரல்கள் படத்தில் வேறாக இருக்கும். எதிர்ப்பக்கமும் நடக்கும்: வேறு என்று நினைத்தவை ஒரே குரலின் மெல்லிய, உரத்த வடிவங்களாக இருக்கும். வெட்டி எடுத்த ஒவ்வொரு துண்டின் இரு முனையிலும், ஒலி மெல்ல எழுந்து மெல்ல அடங்கும்படி 10 மில்லிவினாடி மங்கல் (fade) கொடுங்கள்; இல்லாவிட்டால் ‘டிக்’ என்று கேட்கும், குருவி அந்த டிக்குக்கே திடுக்கிடும்.

மிக முக்கியமானது இது. ஒவ்வொரு குரல் வகைக்கும் குறைந்தது 10 வெவ்வேறு பதிவுகள், முடிந்தவரை வெவ்வேறு பறவைகளிடமிருந்து வேண்டும். ஒரே நல்ல பதிவை 20 தடவை ஒலித்து 20 சோதனை என்று எண்ணுவது இந்தத் துறையின் பழைய நோய். அப்படிச் செய்தால் நீங்கள் சோதித்தது அந்தக் குரல் வகையை அல்ல, அந்த ஒரு கோப்பை.

ஒலித்துப் பார்ப்பது

இந்த முறைக்கு முன்மாதிரி கென்யாவின் அம்போசெலியில் கிடைத்தது. அங்குள்ள வெர்வெட் குரங்குகள் சிறுத்தை, கழுகு, பாம்பு மூன்றுக்கும் வெவ்வேறு அபாயக் குரல் கொடுப்பதை தாமஸ் ஸ்ட்ரூசேக்கர் 1967-இல் எழுதியிருந்தார். குரல் வேறு என்பதால் மட்டும் பொருள் வேறு என்று சொல்லிவிட முடியாது. குரங்குகள் ஒன்றன் குரலைக் கேட்டுத் தலையைத் தூக்கி, கழுகைத் தாமே பார்த்துவிட்டுக்கூட ஓடியிருக்கலாம். ராபர்ட் செய்ஃபார்த், டாரதி செனி, பீட்டர் மார்லர் மூவரும் ஸ்பீக்கரை ஒளித்து வைத்து, எந்த எதிரியும் இல்லாதபோது பதிவை ஒலித்துப் படம் எடுத்தார்கள். 1980-இல் முடிவு வெளியானது. சிறுத்தைக் குரலுக்கு மரம் ஏறின, கழுகுக் குரலுக்கு அண்ணாந்து பார்த்தன அல்லது புதருக்குள் ஓடின, பாம்புக் குரலுக்குப் பின்னங்காலில் நிமிர்ந்து நின்று தரையைப் பார்த்தன. குரலின் நீளத்தையும் உரப்பையும் மாற்றி ஒலித்தபோதும் எதிர்வினையின் வகை மாறவில்லை. வெறும் பயத்தின் அளவுமானி அல்ல அது என்பதற்கு இந்தக் கடைசி வரிதான் சான்று.

நீங்கள் செய்ய வேண்டியது அதன் எளிய வடிவம். கூட்டம் மேயும் இடத்திலிருந்து 10 முதல் 15 மீட்டர் தள்ளி, பறவைகள் வருவதற்கு அரைமணி முன்பே ஸ்பீக்கரைப் புதருக்குள் வையுங்கள். கம்பி இணைப்பே நல்லது. புளூடூத் இணையும்போது எழும் மணியோசையே கூட்டத்தைக் கலைத்துவிடும். நிஜக் குருவி அந்தத் தூரத்திலிருந்து கத்தினால் எவ்வளவு உரக்கக் கேட்குமோ அவ்வளவே ஒலிக்கட்டும். கைப்பேசியின் ஒலியளவுச் செயலி துல்லியமானது இல்லை என்றாலும் இரண்டையும் ஒப்பிட அது போதும்.

ஒரு நிமிடம் மௌனமாகப் படம் எடுங்கள், 5 முதல் 10 வினாடி ஒலியுங்கள், பிறகு ஒரு நிமிடம் படம். எந்தக் குரலை ஒலிப்பது என்பதை அங்கேயே நாணயம் சுண்டி முடிவு செய்யுங்கள். உங்கள் விருப்பம் அதில் நுழையக் கூடாது. இடையிடையே கட்டுப்பாட்டு ஒலியாக, அதே நீளத்தில் அதே உரப்பில் புறாவின் குரலை ஒலியுங்கள். புறாவுக்கும் கூட்டம் அதே மாதிரி பறந்தோடினால் உங்கள் குருவிகள் அஞ்சுவது ஸ்பீக்கருக்கு. ஒரு கூட்டத்துக்கு ஒரு நாளில் ஒரு தடவைக்கு மேல் வேண்டாம்; ஒரு நாள் விட்டு ஒரு நாள் செய்தால் இன்னும் நல்லது. அடிக்கடி ஒலித்தால் ‘இது பொய்’ என்று பழகிவிடும், அதன் பிறகு நிஜமான வல்லூறு வரும்போது தயங்கினால் அந்தப் பழி நமக்கு. ஐந்து கூட்டங்கள் கிடைத்தால் மொத்தம் 60 ஒலிப்புகளை 24 நாளில் முடிக்கலாம்.

படத்தைப் பார்த்து முடிவு சொல்பவர் ஒலித்தவராக இருக்கக் கூடாது. சத்தத்தை முழுவதும் அணைத்து, எது எந்தக் குரலுக்கு என்று அறியாத ஒருவரிடம் கொடுங்கள். ‘மேலே பார்த்தது’, ‘புதருக்குள் போனது’, ‘தரையை நோக்கிக் கூடியது’ என்று அவர் குறிக்கட்டும். இன்னொருவரும் தனியாகக் குறிக்கட்டும். ஐந்தில் ஒன்றுக்கு மேல் இருவரும் முரண்பட்டால் தவறு ஆட்களிடம் இல்லை, நீங்கள் எழுதிக்கொடுத்த வரையறை தெளிவாக இல்லை.

எத்தனை சரியானால் சரி?

இரண்டு குரல், 20 படம். படத்தை மட்டும் பார்த்து எந்தக் குரல் என்று ஊகிக்கச் சொன்னால் குருட்டாம்போக்கிலேயே 10 சரியாகும். 14 சரியானால் உற்சாகம் வரும், பொறுங்கள்: வெறும் தற்செயலாக 14-ஓ அதற்கு மேலோ வர ஏறத்தாழ 6 சதவீத வாய்ப்பு உண்டு. 15-ஓ அதற்கு மேலோ என்றால் அது 2 சதவீதமாகக் குறைகிறது. எனவே 20-க்கு 15 என்று கோட்டை முன்கூட்டியே நோட்டில் எழுதிவிட்டுத் தொடங்குங்கள். முடிவைப் பார்த்த பிறகு கோட்டை நகர்த்தக் கூடாது.

இடுகுறியா, காரணமா?

இதை வேகமாகக் கடந்துவிடலாம், தமிழ் இலக்கணம் படித்தவர்களுக்குப் புதிதல்ல. ‘மொழிப்பொருட் காரணம் விழிப்பத் தோன்றா’ என்று தொல்காப்பியம் சொன்னது இதைத்தான்: சொல்லுக்கு ஏன் அந்தப் பொருள் என்பது பார்த்தவுடன் விளங்காது. தேனீயின் ஆட்டம் இதற்கு நேர்மாறு. விலங்கியலாளர் கார்ல் ஃபான் ஃப்ரிஷ் விளக்கிக் காட்டியபடி, கூட்டின் செங்குத்தான அடையில் தேனீ நேர்மேல் திசையிலிருந்து எத்தனை பாகை சாய்ந்து ஆடுகிறதோ, அத்தனை பாகை சூரியனிலிருந்து விலகி இருக்கிறது பூ. வயிற்றை அசைத்து ஓடும் நேரம் 1 வினாடி என்றால் தூரம் ஏறத்தாழ 1 கிலோமீட்டர். ஆட்டமே வழியின் சிறு படம். நாய் உறுமலும் அப்படித்தான்: கோபம் கூடக் கூட உறுமலும் கூடும். வெர்வெட்டின் கழுகுக் குரலில் கழுகின் சாயல் எதுவும் இல்லை, ஆகவே இந்தக் கூறில் அதற்கு ‘ஆம்’ போடலாம்.

கண்முன் இல்லாதது

தேனீ இந்தக் கூறில் பெரும்பாலான குரங்குகளை மிஞ்சுகிறது. இருட்டுக் கூட்டுக்குள் நின்று எங்கோ உள்ள பூவைச் சொல்கிறது. ஆனால் அதன் எல்லையை ஃபான் ஃப்ரிஷ் அழகாகக் கண்டுபிடித்தார். கூட்டுக்கு நேர்மேலே ஒரு வானொலிக் கோபுரத்தின் உச்சியில் சர்க்கரைப் பாகை வைத்தார். அங்கே போய்வந்த தேனீக்கள் ஆடின, ஆனால் ஆட்டத்தில் ‘மேலே’ என்பதற்கு இடமே இல்லை. மற்றவை நாலாபுறமும் தேடிவிட்டு உச்சியைக் கண்டுபிடிக்காமலே திரும்பின. எந்த விலங்கின் தொடர்பையும் எடைபோட இந்த வகைக் கேள்வி மிகப் பயனுள்ளது: இதுவரை சொல்லாத ஒன்றைச் சொல்ல வேண்டிய கட்டாயத்தை உண்டாக்குங்கள், அப்போது என்ன செய்கிறது என்று பாருங்கள். மனிதக் குழந்தை வார்த்தை தெரியாவிட்டால் இருக்கிற இரண்டு வார்த்தையை ஒட்டியாவது சொல்லிவிடும்.

குருவிகளில் இதைச் சோதிக்க நேரத்தை அளக்க வேண்டும். பூனை மறைந்த பிறகு எத்தனை வினாடிக்கு அந்தக் குரல் நீடிக்கிறது, பூனையைப் பார்க்காத பறவை பின்னர் வந்து சேர்ந்தால் அதற்காகக் குரல் மீண்டும் எழுகிறதா என்று குறியுங்கள். குரல் நீடிப்பதை வைத்து மட்டும் ‘நேற்றைய பூனையைச் சொல்கிறது’ என்று எழுதிவிடாதீர்கள். பயம் அடங்கச் சற்று நேரம் ஆகும், அவ்வளவே.

கோப்பதும் சேர்ப்பதும்: உண்மையான வேறுபாடு இங்கேதான்

எங்கள் கணிப்பில், மனித மொழியைத் தனித்து நிறுத்துவது பொருள் சுட்டுவது அல்ல. பொருள் சுட்டும் குரல் எத்தனையோ விலங்குகளிடம் இருக்கிறது. வேறுபாடு சேர்க்கையில் இருக்கிறது, அதுவும் இரண்டு அடுக்காக.

கீழ் அடுக்கு ஒலி. தமிழின் முதலெழுத்து 30. ல, ள, ழ மூன்றுக்கும் தனியே பொருள் இல்லை; வாலை, வாளை, வாழை என்றதும் இளம்பெண், மீன், மரம் என்று மூன்று பொருள் வந்துவிடுகிறது. ஆஸ்திரேலியாவில் செம்பழுப்பு உச்சியுள்ள ஒரு பறவை, தவிட்டுக்குருவி போலத் தோன்றினாலும் வேறு குடும்பம், இதன் சிறு சாயலைக் காட்டுகிறது. இரண்டே ஒலித்துண்டுகளை ‘அ–ஆ’ என்று கோத்தால் பறக்கும்போது எழுப்பும் குரல், ‘ஆ–அ–ஆ’ என்று கோத்தால் குஞ்சுக்கு இரை கொண்டுவரும்போது எழுப்பும் குரல் என்று 2015-இல் நிறுவினார்கள். அரிய கண்டுபிடிப்பு. அதே வேளையில், அந்த இரண்டு துண்டிலிருந்து கிடைப்பது இப்படி ஓரிரு குரல்தான். 30 எழுத்திலிருந்து நாம் எடுக்கும் சொற்களுக்கு முடிவே இல்லை.

மேல் அடுக்கு சொல். ஜப்பானியச் சிட்டுகளில் தோஷிதகா சுசுகியும் உடன் ஆய்ந்தவர்களும் 2016-இல் வெளியிட்ட சோதனையை அப்படியே பாடமாக எடுத்துக்கொள்ளலாம். ஒரு குரல்தொடர் ‘சுற்றிப் பார்’ என்ற எதிர்வினையைத் தரும். இன்னொன்று ‘கிட்டே வா’ என்பதைத் தரும். இரண்டையும் இயல்பான வரிசையில் சேர்த்து ஒலித்தால் சுற்றிப் பார்த்தபடியே கிட்டே வந்தன. வரிசையைப் புரட்டி ஒலித்தபோது எதிர்வினை மிகவும் குறைந்தது. உங்கள் குருவிகளின் குரல்களில் ‘ங’-வும் ‘ச’-வும் அடிக்கடி அடுத்தடுத்து வருகின்றன என்றால் நான்கு ஒலிகளைத் தயார் செய்யுங்கள்: ங மட்டும், ச மட்டும், ங–ச, ச–ங. புரட்டிய நான்காவது ஒலி இல்லாமல் இந்தச் சோதனைக்கு மதிப்பில்லை. அது இல்லாவிட்டால் பறவை இரண்டு குரலைத் தனித்தனியே கேட்டதா, ஒன்றாகக் கேட்டதா என்று பிரிக்கவே முடியாது. துண்டுகளுக்கு நடுவே உள்ள இடைவெளியும் நான்கிலும் இயற்கையில் உள்ளபடியே இருக்கட்டும்.

பிறமொழிப் பாடநூல்களைப் பார்த்து ‘வரிசையே இலக்கணம்’ என்று எழுதிவிடாதீர்கள். தமிழில் ‘புலி மானைக் கொன்றது’, ‘மானைப் புலி கொன்றது’ இரண்டும் ஒன்றே. ‘புலியை மான் கொன்றது’ என்றதும் கதை தலைகீழ். வேலையைச் செய்வது ‘ஐ’ என்ற ஓர் உருபு. ஆகவே விலங்குகளிலும் வரிசையை மட்டும் தேடாமல் ஒட்டையும் தேட வேண்டும். ஐவரி கோஸ்ட்டில் ‘தாய்’ (Taï) என்ற பெயருள்ள காட்டில் வாழும் கேம்பெல் குரங்குகளின் ஆண், சிறுத்தைக்கு ‘க்ராக்’ என்கிறது. அதன் வாலில் ஓர் ‘ஊ’ ஒட்டி ‘க்ராக்-ஊ’ என்றால் பொதுவான ஒரு எச்சரிக்கை. விகுதி போலவே இருக்கிறது. ஆனால் ‘உம்’ என்ற ஒட்டை நாம் எந்தப் பெயரோடும் ஒட்டுவோம், புதிதாக நேற்று வந்த சொல்லோடும் ஒட்டுவோம். அந்தக் குரங்கின் ‘ஊ’ ஒருசில குரல்களோடு நின்றுவிடுகிறது.

சொல் எண்ணிக்கையைக் கண்டு மயங்காதீர்கள். நியூயார்க்கில் உளவியலாளர் ஹெர்பர்ட் டெரஸ் வளர்த்த நிம் என்ற சிம்பன்ஸி 125 சைகைகள் அளவுக்குக் கற்றது. 19,000-க்கும் மேற்பட்ட சேர்க்கைகள் பதிவாயின. அதன் மிக நீளமான தொடர் 16 சைகை: கொடு, ஆரஞ்சு, நான், கொடு, தின், ஆரஞ்சு, நான், தின், ஆரஞ்சு, கொடு, நான், தின், ஆரஞ்சு, கொடு, நான், நீ. நீளம் கூடியது, செய்தி கூடவில்லை. ஒளிப்பதிவுகளைத் திரும்பப் பார்த்தபோது, பெரும்பாலான சைகைகள் ஆசிரியர் அப்போதுதான் செய்து காட்டியவற்றின் சாயல் என்று தெரிந்தது. டெரஸ் மொழியைக் காட்டத்தான் தொடங்கினார், 1979-இல் எதிரான முடிவை வெளியிட்டார். அந்த நேர்மைக்கு இந்தத் துறை கடன்பட்டிருக்கிறது. கூட்டுச் சைகைகளை எடைபோட அவருடைய கேள்வியையே வைத்துக்கொள்ளுங்கள்: ஒவ்வொரு கூடுதல் சொல்லும் ஒரு கூடுதல் செய்தியைத் தருகிறதா?

வீட்டு நாய், கிளி என்றால்

1900-களின் தொடக்கத்தில் பெர்லினில் ஹான்ஸ் என்ற குதிரை கணக்குக்குக் குளம்பைத் தட்டி விடை சொன்னது. உரிமையாளர் ஏமாற்றவில்லை, நம்பினார். உளவியல் ஆய்வாளர் ஆஸ்கர் ஃபுங்ஸ்ட் எளிய மாற்றம் ஒன்றைச் செய்தார்: கேட்பவருக்கே விடை தெரியாதபடி வைத்தார். குதிரை தோற்றது. விடை எண் வரும்போது கேட்பவரின் தலை அறியாமல் மிக லேசாக அசைவதைத்தான் அது படித்துக்கொண்டிருந்தது.

எனவே உங்கள் நாய்க்கு 10 பொம்மையின் பெயர் தெரியும் என்றால், பொம்மைகளை அடுத்த அறையில் வேறொருவர் பரப்பட்டும், அவர் வெளியே போய்விடட்டும். நீங்கள் இந்த அறையிலிருந்து, சீட்டுக் குலுக்கி வந்த பெயரை ஒரே ஒரு தடவை சொல்லுங்கள். 2004-இல் ரிகோ என்ற நாயை இப்படித்தான் பொருள்களை வேறு அறையில் வைத்துச் சோதித்தார்கள். சுமார் 200 பெயர் அதற்குத் தெரிந்திருந்தது. 10 பொம்மையில் 20 தடவை கேட்டால் தற்செயலாகவே 2 சரியாகும். 5-ஓ மேலோ வர 4 சதவீதத்துக்குச் சற்று அதிகமான வாய்ப்பு. 6-ஓ மேலோ வர 1 சதவீதமே. 6-ஐக் கோடாக வையுங்கள். கொண்டுவந்த பொம்மையைத் திரும்ப வைத்துவிட்டே அடுத்த பெயரைச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் குறையக் குறைய ஊகிப்பது எளிதாகும்.

பெயர்ச் சோதனை முடிந்ததும் ‘பந்தும் செருப்பும்’ என்று இரண்டைச் சேர்த்துக் கேளுங்கள். மனிதப் பேச்சைக் கேட்டு நடப்பதில் தேர்ந்த கான்ஸி என்ற பொனோபோ (சிம்பன்ஸிக்கு நெருங்கிய வாலில்லாக் குரங்கு) 660 வாக்கியங்களில் 72 சதவீதம் சரியாகச் செய்தது. அதே சோதனையில் இரண்டு வயதுக் குழந்தை 66 சதவீதம். அத்தனை திறமை இருந்தும், இரண்டு பொருளை இணைத்துக் கேட்ட வாக்கியங்களில் கான்ஸி பெரும்பாலும் தடுமாறியது. சொல் புரிவதும் சொற்கட்டு புரிவதும் எங்கே பிரிகின்றன என்பது இந்த ஒரு ‘உம்’மில் வெளிப்படும்.

முடிவை எழுதுவது

‘தவிட்டுக்குருவிக்கு மொழி உண்டு’ என்றும் எழுதாதீர்கள், ‘இல்லை’ என்றும் எழுதாதீர்கள். ‘5 கூட்டங்களில், 10 வெவ்வேறு பதிவுகளைக் கொண்டு ‘ங’ குரலையும் ‘ச’ குரலையும் ஒலித்தோம். சத்தம் இல்லாத படத்தைப் பார்த்தவர் 20-இல் இத்தனையைச் சரியாகப் பிரித்தார். புறாவின் குரலுக்கு இத்தனை தடவை அதே எதிர்வினை வந்தது. ங–ச வரிசையைப் புரட்டியபோது வேறுபாடு இருந்தது அல்லது தெரியவில்லை’ என்று எழுதுங்கள். ‘இல்லை’ என்பதற்கும் ‘தெரியவில்லை’ என்பதற்கும் உள்ள தூரத்தை அறிக்கையில் காப்பாற்றுங்கள். 20 ஒலிப்பில் வேறுபாடு தென்படாதது, சோதனை சிறிதாக இருந்ததாலும் இருக்கலாம். பதிவுக் கோப்புகள், படங்கள், நாணயம் சுண்டிய வரிசை, தோற்றுப்போன ஒலிப்புகள் எல்லாவற்றையும் ஒரே உறையில் வையுங்கள். அடுத்த ஆண்டு அதே தோப்பில் அடுத்த குழு அதே சோதனையைத் திரும்பச் செய்ய அவை எல்லாமே வேண்டும்.